சமூக மன்றம்: வகுப்புக்கும் பேட்மிண்டனுக்கும் மட்டுமா?

சிங்கப்பூரில் குடியுரிமை பெறும் பலருக்கு இளஞ்சிவப்பு அடையாள அட்டை கைக்கு வருவது தொகுதிச் சமூக மன்றத்தில் நடக்கும் குடியுரிமைச் சடங்கில்தான். அதற்கு முன்பே, 2011-இல் தொடங்கிய சிங்கப்பூர்க் குடியுரிமைப் பயணத் திட்டத்தின்படி, வட்டாரத்துக்காரர்களோடு உட்கார்ந்து பேசும் ஓர் அமர்வும் உண்டு. மேடையில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிய குடும்பம் அடுத்து எப்போது அந்தப் பக்கம் வருகிறது? பிள்ளையை நடன வகுப்பில் சேர்க்க, பேட்மிண்டன் ஆடுகளம் பதிவுசெய்ய, வயதான அம்மாவுக்கு அரசாங்கம் வழங்கும் சிடிசி பற்றுச்சீட்டு எடுத்துக் கொடுக்க. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் பெரும்பாலும் இதே மூன்று காரணங்களுக்காகத்தான் சிசி (சமூக மன்றம்) பக்கம் போகிறார்கள்.

இவை எல்லாம் தேவைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1960 ஜூலை 1-ஆம் தேதி சமூக மன்றங்களை நடத்தும் மக்கள் கழகம் அமைக்கப்பட்டபோது அதன் வேலை வகுப்பு நடத்துவது அல்ல. பல இனத்தாரை ஓரிடத்தில் சேர்ப்பது, மக்கள் சொல்வது அரசாங்கத்துக்கும் அரசாங்கம் சொல்வது மக்களுக்கும் போய்ச் சேரச் செய்வது ஆகியவையே அன்றைய நோக்கம். 1963-இல் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியபோது, வீட்டில் பெட்டி இல்லாத மக்கள் சமூக மன்றத்தில் கூடி உட்கார்ந்து பார்த்தார்கள். கூடுவது அப்போது தானாக நடந்தது. இப்போது நாம்தான் அதை நடத்த வேண்டும்.

இதில் முதலில் தெளிய வேண்டியது, எந்த விஷயத்துக்குச் சமூக மன்றம் என்பது. பழுது வேறு, முடிவு வேறு. லிஃப்ட் நின்றுவிட்டது, தாழ்வார விளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்றால் அது பழுது. அதற்கு ஆள் சேர்க்க வேண்டாம், கூட்டம் போட வேண்டாம். ஒன்சர்வீஸ் செயலியில் படத்தோடு பதிந்தால் போதும்; எந்த அமைப்பின் பொறுப்போ அங்கே போய்விடும். சாய்விருக்கையை எங்கே போடுவது, காலி இடத்தில் தோட்டமா பிள்ளைகள் விளையாடும் இடமா, பந்து விளையாட்டை இரவு எத்தனை மணிக்கு நிறுத்துவது என்றால் அது முடிவு. ஒருவருக்கு வசதியானது இன்னொருவருக்குத் தொந்தரவாக இருக்கும். இதைச் செயலியில் போட்டால் கிணற்றில் போட்ட கல்தான். இதற்குத்தான் வட்டாரவாசிகளே தொண்டூழியர்களாக நடத்தும் வசிப்போர் குழுவும் சமூக மன்றமும்.

பலர் சறுக்குவது யாரிடம் போவது என்பதில். புளோக்கின் பொது இடங்கள், லிஃப்ட், கீழ்த்தளத் துப்புரவு ஆகியவை நகர மன்றத்தின் பொறுப்பு. நகர மன்றத்தை நடத்துபவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்கள். சாலை, சாலை விளக்கு, பேருந்து நிறுத்தம் நிலப் போக்குவரத்து ஆணையத்துடையவை. கொசுவும் மாடியிலிருந்து வீசும் குப்பையும் தேசிய சுற்றுப்புற வாரியத்திடம் போக வேண்டும். சமூக மன்றமும் 1978-இல் தொடங்கிய வசிப்போர் குழுக்களும் (இப்போது பல இடங்களில் வசிப்போர் கட்டமைப்பு என்று பெயர்) மக்கள் கழகத்தின் கீழ் வருபவை. சிசி முகப்பில் நின்று லிஃப்டைப் பற்றிச் சத்தம் போட்டால் அந்த ஊழியரால் குறித்துக்கொள்ள முடியும், அவ்வளவுதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. வசிப்போர் குழு போன்ற அடித்தள அமைப்புகளின் ஆலோசகரை நியமிப்பது மக்கள் கழகம். ஆளுங்கட்சி வென்ற தொகுதிகளில் எம்.பி.யே ஆலோசகராகவும் இருப்பதால் இரண்டும் ஒரே பதவி என்று தோன்றிவிடும். எதிர்க்கட்சி வென்ற தொகுதிகளில் இருவரும் வெவ்வேறு ஆட்கள். ஆகவே வீடு, வேலை, அபராதம் போன்ற தனிப்பட்ட மனுவுக்கு எம்.பி. கடிதம் வேண்டுமென்றால் மக்கள் சந்திப்பு இரவுக்குப் போக வேண்டும். அது கட்சிக் கிளையிலோ புளோக் கீழ்த்தளத்திலோ நடக்கும். அக்கம்பக்கத்தாரைக் கூட்டி ஒன்றைச் செய்ய வேண்டுமென்றால் சமூக மன்றத்துக்குப் போக வேண்டும். ஒரே கடிதத்தை இரண்டு இடத்திலும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதால் வேகம் கூடாது. இருவரும் அதே அமைப்புக்கு எழுதி, அதே பதிலைத்தான் வாங்கித் தருவார்கள்.

சரி, ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். புளோக்கிலிருந்து ஈரச்சந்தைக்குப் போகும் நடைபாதையில் மூன்று படிகள் இருக்கின்றன. சக்கர நாற்காலிக்காரர்களும் தள்ளுவண்டியோடு வரும் பாட்டிமார்களும் சுற்றிப் போகிறார்கள். 'முதியவர்கள் மிகவும் கஷ்டப்படுகிறார்கள், தயவுசெய்து நடவடிக்கை எடுக்கவும்' என்று எழுதினால் 'பரிசீலிக்கிறோம்' என்று பதில் வரும். அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது, ஏனென்றால் அந்தக் கடிதத்தில் பரிசீலிக்க ஒன்றுமே இல்லை.

எண்ண வேண்டும். ஒரு வேலைநாள், ஒரு சனி, ஒரு ஞாயிறு. காலை 7 முதல் 9 வரை, மாலை 5 முதல் 7 வரை. இரண்டு பேர் உட்கார்ந்தால் போதும். ஒரு தாளில் கால் மணி நேரத்துக்கு ஒரு கட்டம் போட்டு, சக்கர நாற்காலி, கைத்தடி, சந்தைத் தள்ளுவண்டி, குழந்தை வண்டி என நான்கு வரிசையில் கோடு போட்டுக்கொண்டே வரலாம். படியைப் பார்த்துத் திரும்பியவர்களைத் தனியாகக் குறியுங்கள். அந்த எண்தான் அதிகாரிகள் கண்ணில் முதலில் படும். யாருடைய முகத்தையும் படம் எடுக்க வேண்டாம். இடத்தைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் இருக்கும் விளக்குக் கம்பத்தின் எண்ணோ புளோக் எண்ணோ படத்துக்குள் வரட்டும்.

பிறகு அளக்க வேண்டும். இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. படியேறும் மொத்த உயரம் 45 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1-க்கு 12 என்ற சரிவில் (1 மீட்டர் உயர 12 மீட்டர் நீளம்) சாய்தளத்தின் நீளம் மட்டும் 5.4 மீட்டர் வரும். மேல்முனையிலும் கீழ்முனையிலும் நாற்காலி நின்று திரும்பச் சமதளம் வேறு வேண்டும். 'சின்னதாக ஒரு சாய்வு போட்டுக் கொடுங்கள்' என்று கேட்டதற்கு 'இடமில்லை' என்று பதில் வந்தால் காரணம் இதுதான். அவர்கள் தட்டிக்கழிக்கிறார்கள் என்று கோபப்படுவதற்கு முன் நாமே நாடா வைத்து அளந்துவிட்டால், நேராக மேலே ஏறாமல் பக்கவாட்டில் மடித்துக் கொண்டுபோக இடம் இருக்கிறதா, மரத்தின் வேர் குறுக்கே வருகிறதா என்பது தெரிந்துவிடும். அப்போது நம் கடிதம் இப்படி அமையும்: 'இந்தப் படியைத் தவிர்க்க மூன்று நாளில் இத்தனை பேர் சுற்றிப் போனார்கள். இடப்பக்கப் புல்தரையில் இத்தனை மீட்டர் காலி இடம் இருக்கிறது. அங்கே சாய்தளம் அமைக்க முடியுமா? முடியாது என்றால் எதனால்?' கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். காரணம் தெரிந்தால்தான் அடுத்த வழியைத் தேட முடியும்.

அந்தப் புல்தரையில் ஏற்கெனவே காலையில் தாய்ச்சி செய்யும் குழு இருக்கலாம். அங்கேதான் இது முடிவெடுக்கும் விஷயமாக மாறுகிறது, கூட்டமும் தேவைப்படுகிறது.

வசிப்போர் குழு வழியாகக் கேட்டால் சமூக மன்றத்தில் ஓர் அறை கிடைக்கும். குறைந்தது ஆறு வாரம் முன்பே கேளுங்கள். நல்ல நேரமெல்லாம் வகுப்புகளுக்குப் போயிருக்கும். தேதி குறிக்கும்போது நாட்காட்டியை விரித்துப் பாருங்கள். செப்டம்பர் கடைசியும் அக்டோபர் தொடக்கமும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக் காலம், பெற்றோர் யாரும் வரமாட்டார்கள். நோன்பு மாதத்தில் மாலை ஏழரைக்குக் கூட்டம் வைத்தால் மலாய்க் குடும்பங்களை வர வேண்டாம் என்று சொன்னது போலாகும். தைப்பூசத்துக்கு முந்திய வாரமும் வேண்டாம்.

நாற்காலிகளை வகுப்பறை போல வரிசையாகப் போட்டால் கூட்டம் முடிந்தது என்றே வைத்துக்கொள்ளலாம்: முன்வரிசையில் மூன்று பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கைப்பேசியைப் பார்ப்பார்கள். மேசைக்கு ஆறு முதல் எட்டுப் பேர். ஒவ்வொரு மேசைக்கும் பேச்சை நடத்த ஒருவர், எழுத ஒருவர். இரண்டையும் ஒருவரே செய்தால், எழுதும்போது பேச்சு கைமீறிப் போகும், பேச்சைக் கவனித்தால் எழுத்து நின்றுபோகும். மேசை நடுவில் இடத்தின் வரைபடம், பெரிய தாளில். ஒவ்வொருவருக்கும் மூன்று ஒட்டுவில்லைகள். எங்கே எது வேண்டுமோ அங்கே ஒட்டட்டும். பேசக் கூச்சப்படுபவர்களும் ஒட்டிவிடுவார்கள்.

'என்ன பிரச்சினை?' என்று கேட்காதீர்கள். புறாவில் ஆரம்பித்து வாகன நிறுத்தக் கட்டணம் வரை வந்து, நேரம் தீர்ந்துவிடும். 'இந்த இடத்தில் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்? அதனால் யாருக்குத் தொந்தரவு வரும்?' என்று கேளுங்கள். இரண்டாவது பாதியைக் கேட்டவுடன் பேச்சின் தொனி மாறிவிடும். ஒன்றரை மணி நேரத்தில் அறிமுகத்துக்குப் பத்து நிமிடம், மேசைப் பேச்சுக்கு ஐம்பது, எல்லா மேசைகளும் சொல்வதைக் கேட்க இருபது, அடுத்து யார் என்ன செய்வது என்று முடிக்கப் பத்து. சிறப்பு விருந்தினர் பேசியே ஆக வேண்டுமென்றால் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் அரை மணி நேரம் பேசினால், பிறகு வருவதெல்லாம் அவர் சொன்னதற்குத் தலையாட்டலாகிவிடும்.

மொழி விஷயத்தில் எங்கள் கருத்து உறுதியானது. தமிழ் மட்டும் பேசும் பெரியவர்களை ஒரே மேசையில் ஒதுக்கி உட்காரவைப்பது வசதியாகத் தோன்றும், ஆனால் அவர்கள் சொன்னது அந்த மேசையோடு நின்றுவிடுகிறது. ஆங்கிலம் ஓடும் மேசையில் தனியாக ஒரு பாட்டியை உட்காரவைத்தாலும் அவர் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போவார். கலவையான மேசையில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டு பேராவது இருக்கட்டும், எழுதுபவர் இருமொழிக்காரராக இருக்கட்டும். பாட்டி சொன்னதை எழுதியதும், 'அம்மா, நீங்கள் சொன்னது இதுதானே?' என்று தமிழில் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் இதை நன்றாகச் செய்வார்கள். தாய்மொழி எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

கூட்டம் முடிந்து இரண்டு வாரத்துக்குள் ஒரே ஒரு பக்கம் எழுதி, நகர மன்ற அனுமதியோடு லிஃப்ட் அருகே உள்ள அறிவிப்புப் பலகையில் போடுங்கள். கேட்டவை எவை, ஏற்கப்பட்டவை எவை, ஏற்காதவை எவை, ஏன். இந்த ஒரு பக்கம் வராததால்தான் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்றாலும் அதையும் எழுதுங்கள். 2017-இல் திறக்கப்பட்ட பெரிய சமூக, விளையாட்டு வளாகமான நம்ம தெம்பனிஸ் நடுவம் 15,000-க்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்களிடம் கருத்துக் கேட்டுத் திட்டமிடப்பட்டது. அந்த அளவு பணமும் ஆளும் ஒரு வசிப்போர் குழுவிடம் இல்லை. ஒரு பக்கத் தாளுக்கு இருக்கிறது.

அண்டை வீட்டுச் சண்டைக்குக் கூட்டம் போடவே கூடாது. இரவு பத்தரைக்கு மாவரைக்கும் சத்தமோ, மேல்வீட்டிலிருந்து சொட்டும் ஈரத்துணியோ, முதலில் கதவைத் தட்டிப் பேச வேண்டும். கோபம் ஆறிய பிறகு, பகலில். அது பலிக்காவிட்டால் வசிப்போர் குழுவில் நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொள்ளலாம். அடுத்தது சமூக சமரச நிலையம். 1998 முதல் இயங்குகிறது, பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். 2015-இல் வந்த சமூகப் பூசல் தீர்வு நடுவர் மன்றம் கடைசிப் படி. எந்தப் படியிலும் தேதி, நேரம், சத்தத்தின் வகை ஆகியவற்றைக் குறித்துவைத்த குறிப்பேடு இருந்தால் பேச்சு ஒழுங்காக நடக்கும். புளோக் வாட்ஸ்ஆப் குழுவில் வீட்டு எண்ணைப் போட்டுத் திட்டிவிட்டு, பிறகு சமரசம் பேசப் போனால் எதிராளி உட்காரவே மாட்டார்.

நம்மவர்கள் சமூக மன்றத்தில் அதிகம் தென்படும் இடம், இந்தியர்களுக்கான நிகழ்ச்சிகளை நடத்தும் தொண்டூழியர் குழுவான இந்திய நற்பணிச் செயற்குழு. பொங்கல், தீபாவளி, ஏப்ரலில் தமிழ்மொழி விழா என அவர்கள் உழைப்பு பெரிது. நற்பணிப் பேரவை அவர்களை ஒருங்கிணைக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: பல இடங்களில் விழா என்பது மாலை, வரவேற்புரை, நடனம், உணவுப் பொட்டலம் என்ற ஒரே வரிசையில் நின்றுவிட்டது. வருகிறவர்கள் பார்வையாளர்கள். அவர்களுக்கு வேலை கொடுத்தால்தான் நாளைக்கு அவர்கள் வேறு விஷயத்துக்கும் வருவார்கள்.

பொங்கல் வைப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து பேர் கொண்ட குழுக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சீன, ஒரு மலாய் அண்டைவீட்டார் கட்டாயம். பானைக்கு மஞ்சள்கொத்து கட்டுவது முதல் அரிசி களைவது வரை அவர்கள் கையால் செய்யட்டும், நம்மவர் பக்கத்தில் நின்று சொல்லித் தரட்டும். அடுப்பை மண்டபத்துக்குள் வைக்கக் கூடாது, திறந்தவெளியில்தான். காற்றடிக்கும் பக்கம் மறைப்பு, கையெட்டும் தூரத்தில் தீயணைப்பான், குழந்தைகள் நெருங்காதபடி கயிறு. சாப்பாட்டில் சைவத்தைத் தனியாகவும், மற்றதை ஹலால் சான்றிதழ் உள்ள சமையல் நிறுவனத்திடமும் வாங்குங்கள், மாட்டிறைச்சி இல்லாமல். பொட்டலத்தில் சமைத்த நேரம் ஒட்டியிருக்கும். அதிலிருந்து 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். பேச்சுகள் நீண்டு உணவு காத்திருப்பதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு.

அதே விழாவில் ஒரு மேசையில் தமிழில் விளக்கம் சொல்லும் ஆட்களை உட்காரவையுங்கள். நீடித்த அதிகாரப் பத்திரம் (மனத்திறன் இழந்தால் நமக்காக முடிவெடுக்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் பத்திரம்) நல்ல எடுத்துக்காட்டு. 21 வயது நிரம்பிய யாரும் செய்யலாம், ஆனால் அதை அங்கீகரிக்கத் தகுதி பெற்ற மருத்துவரோ வழக்கறிஞரோ சான்றளிக்க வேண்டும். அவரை ஏற்பாடு செய்யாமல் துண்டுப்பிரசுரம் மட்டும் கொடுத்தால் நூற்றில் ஒருவர்கூட வீட்டுக்குப் போய் முடிக்கமாட்டார்கள்.

குடிமைத் தற்காப்புப் படையோடு சேர்ந்து நடத்தும் முதலுதவி, இதய இயக்க மீட்புப் பயிற்சியும் அப்படித்தான். அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 4 முதல் 6 சென்டிமீட்டர். இதைப் படத்தில் பார்த்துக் கற்க முடியாது. பொம்மை மேல் இரண்டு நிமிடம் அழுத்தினால்தான் கை எவ்வளவு சீக்கிரம் தளர்கிறது என்று தெரியும், இன்னொருவர் ஏன் மாற்றி அழுத்த வேண்டும் என்பதும் புரியும். பயிற்சி முடிந்ததும் எல்லாரையும் அழைத்துக்கொண்டு போய் அவரவர் புளோக்குக்கு அருகில் உள்ள, நின்ற இதயத்தை மீண்டும் இயக்க உதவும் மின்னதிர்வுக் கருவி (ஏஇடி) எந்தத் தூணில் மாட்டியிருக்கிறது என்று காட்டுங்கள். இரண்டு புளோக்குக்கு ஒன்று என்ற கணக்கில் வைத்திருப்பதால், உங்கள் கீழ்த்தளத்தில் இல்லை என்றால் பக்கத்துப் புளோக்கில் இருக்கும். அருகில் யாருக்காவது மாரடைப்பு நேர்ந்தால் தகவல் தரும் மைரெஸ்பாண்டர் செயலியை அங்கேயே கைப்பேசியில் இறக்கச் சொல்லுங்கள்.

தொண்டூழியராகச் சேர்வது கடினமில்லை, நிலைப்பதுதான் கடினம். உடனே செயற்குழுப் பதவி கேட்காமல் ஒரு நிகழ்ச்சிக்கு உதவியாளராகப் போய்ப் பாருங்கள். குழு உறுப்பினர் நியமனம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். புதியவருக்கு எல்லா வேலையையும் தலையில் கட்டிவிடுவதும், பழையவர் எதையும் விடாமல் பிடித்துக்கொள்வதும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். மருந்து ஒன்றுதான்: ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பெயர். ஊழியர்களும் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஆகவே யாரிடம் எப்போது என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது என்ற கோப்பு குழுவிடம் இருக்க வேண்டும், ஒருவரின் கைப்பேசியில் அல்ல.

பணத்தில் கவனம். அனுமதி வாங்கிய பிறகே செலவு. மூல ரசீது இல்லாமல் திரும்பக் கேட்காதீர்கள். நல்ல காரணத்துக்காகவே என்றாலும் வீடு வீடாகப் போய் நன்கொடை திரட்ட உரிமம் வேண்டும். வருகைப் பட்டியலில் அடையாள அட்டை எண் கேட்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. சட்டப்படி தேவை இல்லாதபோது நிறுவனங்கள் அதைச் சேகரிக்கக் கூடாது என்ற விதி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது, நாமும் அதையே பின்பற்றுவோம். பெயரும் தொலைபேசி எண்ணும் போதும். வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவரைச் சேர்க்கும் முன் அவரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் எதையாவது செய்து பார்க்க நினைத்தால், அடுத்த முறை பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் முகப்பு ஊழியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எங்கள் புளோக் எந்த வசிப்போர் குழுவில் வருகிறது, அடுத்த கூட்டத்தில் பார்வையாளராக உட்காரலாமா? கூட்டங்கள் பெரும்பாலும் வேலைநாள் இரவில்தான். ஷிப்ட் வேலைக்காரர்கள் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். மாதம் ஒருமுறை மட்டும் வர முடியும் என்பவருக்கும் செய்ய வேலை இருக்கிறது.